நீ தோற்க வேண்டி நான் ஏறிய மலை

தம்பி, இதை நின்றுகொண்டு படிக்காதே. கட்டிலில் ஏறி இருந்து, அந்த வலது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படி. விரிப்பு கசங்கினால் சார்ஜன்ட் பேசுவார் என்று சொல்வாய். பேசட்டும். கால் வெடித்த பிள்ளை கட்டிலில் இருக்காமல் கூரையிலா போய் இருக்கும்? நான் இதை எழுதுவது நான் பார்த்துக்கொள்ளும் கிழவனாரின் குசினி மேசையில். அவர் மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுத்துவிட்டார். எழும்ப இரண்டு மணித்தியாலம் ஆகும். எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவேன். வார முடிவென்று சனிக்கிழமை உங்களுக்குப் போன் கையில் தரும்போது இது வந்து கிடக்கும். இங்கே ஞாயிறு விடிவதற்குள் எனக்கு உன் பதில் வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பின்னேரம் நீ கனடாவிலிருந்து போன் எடுத்தபோது நான் மலையிலிருந்து இறங்கி வந்து, இரண்டு காலையும் சுடுதண்ணி வாளிக்குள் விட்டுக்கொண்டு இருந்தேன். எட்டாவது ஞாயிறு. வெள்ளிக்கிழமை முதுகுச் சுமையோடு நடந்தபோது பாதம் புரண்டுவிட்டது, எலும்பில் வெடிப்பு, வருகிற திங்கட்கிழமை டொக்டர்கள் திரும்பப் பார்த்து உன்னை வைத்திருப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வார்கள் என்றாய். "நான் அழேல்லை அம்மா, கால்தான் அழுகுது" என்று பகிடி வேறு விட்டாய். நான் சிரிக்கவில்லை. வாளிக்குள்ளிருந்து காலை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை நாலு நாளாகத் தின்றுகொண்டிருக்கிறது. "அம்மா, இன்னும் ஒரு ஞாயிறுதானே மிச்சம். விட்டிடாதேங்கோ. என்ரை அம்மா எனக்காக வெறுங்காலோடை மலை ஏறுறா எண்டு இஞ்சை எல்லாரிட்டையும் சொல்லி வைச்சிருக்கிறன். அந்த நேர்த்திக்கடன்தான் என்னைக் காப்பாத்தும்." நான் "ஓம் அப்பன்" என்றேன். 

இனி உண்மையைச் சொல்கிறேன். நீ ராணுவப் பயிற்சிக்குப் போன முதல் ஞாயிறு நான் மொந்தே பெல்லெக்ரினோ மலையின் பழைய கற்பாதையில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். நாங்கள் சைவம்தான். ஆனால் இத்தாலியில் இந்தப் பலெர்மோவில் இருக்கிற தமிழரில், ஊர் வேதக்காரரின் காவல் தாய் சாந்தா ரோசாலியாவிடம் போகாத வீடு எது? உன்னை வயிற்றில் சுமந்துகொண்டும் போயிருக்கிறேன். மலைமேல் அவளுடைய கோயில் ஒரு குகை. அந்தக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணியைத் தகரப் பீலிகள் பிடித்துக்கொண்டு போகுமே, அதற்குக் கீழே நின்று கைகூப்பிக் கேட்டேன்: "தாயே, ஒன்பது ஞாயிறு வெறுங்காலோடு வருகிறேன். என் பிள்ளையை அந்த ராணுவம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும்." உன் வெற்றிக்கு இல்லை, தம்பி. நீ தோற்க வேண்டும் என்று ஏறினேன். எட்டு ஞாயிறு ஏறினேன். போனைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தால் எறி. பிறகு எடுத்து மிச்சத்தையும் படி.

உன் அப்பாவுக்கு இது தெரியாது. கனடாவில் இருக்கிற உன் சின்னம்மாவுக்கும் தெரியாது. எல்லாரிடமும் பிள்ளையின் பயிற்சி நல்லபடி முடியத்தான் என்று சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் இல்லை நான். வேலை செய்த வீட்டுச் சின்னோராவின் பீங்கான் கோப்பை உடைந்தபோதும் பூனை என்றுதான் சொன்னேன். ஆனால் கடவுளை வைத்துப் பொய் சொன்னது இதுதான் முதல்தரம்.

நீ விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்று சொன்ன அன்று நான் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். கண்டறியாத ராணுவம், படிச்ச படிப்புக்கு வேறை வேலை இல்லையோ என்று கத்தினேன். போனை வைத்ததும் யூடியூப்பில் போய்ப் பார்த்தேன். வந்ததெல்லாம் அமெரிக்கன் பயிற்சிதான். தொப்பி போட்ட ஒரு ஆள், மூக்கோடு மூக்கு முட்ட நின்று ஒரு பிள்ளையின் முகத்தில் எச்சில் பறக்கக் கத்துகிறான். பிள்ளை கல்லாக நிற்கிறது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிறகு பயிற்சிக்குப் போய் நீ போன் எடுத்தபோது கேட்டேன், உன்னையும் இப்படித்தான் கத்துகிறார்களோ என்று. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அது அமெரிக்கா அம்மா! இஞ்சையும் கத்துவினம். ஆனா கத்தி முடிய, எங்கை பிழை விட்டனி எண்டு இருத்தி விளங்கப்படுத்துவினம். அதுவும் இங்கிலிஷிலை ஒருக்கா, பிரெஞ்சிலை ஒருக்கா. ரெண்டு பாஷையிலை பேச்சு வாங்கிறது கனடாவிலை மட்டும்தான்." சட்டையை அளவுகோல் வைத்து மடிப்பதையும், பல்துலக்கும் பிரஷ் ஈரமாக இருந்ததற்கு வகுப்பு முழுவதும் தண்டால் எடுத்ததையும் சொன்னாய். அமெரிக்கர்களோடு சேர்ந்து பயிற்சி செய்து வந்த சார்ஜன்ட் சொன்னாராம், அவர்களிடம் எல்லாச் சாமானும் மூன்று மூன்று இருக்கும், எங்களிடம் ஒன்று, அதையும் தைத்துத்தான் போட வேண்டும் என்று. எங்கள் வீட்டைப் போல என்று நான் நினைத்தேன். சிரிப்பும் வந்தது. அடுத்த ஞாயிறும் மலை ஏறினேன்.

உன் அப்பாவின் கதையைக் கேள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் அவர் வேலை செய்யும் மீன் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு மத்தியானம் நாலு அமெரிக்கன் பொடியள் சாப்பிட வந்திருக்கிறார்கள். கத்தானியாப் பக்கம் இருக்கிற படைத்தளத்தில் வேலையாம். இவர் குசினிக்குள் சிப்பி கழுவுகிறவர், அவருக்கு மேசையடியில் என்ன வேலை? ஏப்ரனோடு போய் நின்று, நீ சீருடையில் நிற்கிற படத்தைப் போனில் காட்டியிருக்கிறார். "மை சன். கனடா." ஒரு பொடியன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்று, இவருடைய ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கி, கனடாக்காரரோடு வேலை செய்திருக்கிறேன், அமைதியானவர்கள், ஆனால் பின்வாங்கமாட்டார்கள் என்று சொன்னானாம். அன்று பின்னேரம் அப்பா வீட்டுக்கு வந்து எனக்கு முன்னால் அந்த அமெரிக்கனாகவும் தானாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். "இஞ்சாரும், அமெரிக்கன் எழும்பி நிண்டவன் எனக்கு! பலெர்மோவிலை இருபத்தாறு வருஷம், ஒருத்தன் எழும்பி நிண்டிருப்பானோ?" கண் கலங்கிப்போய் நின்றார் மனுசன். நான் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கினேன். பின்வாங்கமாட்டார்கள் என்ற சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. என்னைப் பொறுத்தவரை பின்வாங்குகிற பிள்ளைதான் வீட்டுக்கு வரும்.

கனடா அமெரிக்கா இல்லை என்று நீ எத்தனை தரம் சொன்னாலும் நான் விடவில்லை. பெரியவன் சண்டைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகத்தான் வேண்டும் என்றேன். நீ சலித்துப்போய் "பாஸ்தா அம்மா, போதும்" என்றாய். அந்தச் சலிப்பில் இங்கே கபோ சந்தையில் நிற்கிற பொடியன் மாதிரியே இருந்தாய். இதைக் கிழவனாரிடம் சொல்லிப் புலம்பினேன். அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை, சின்ன வயது மட்டும் அச்சடித்தது போல இருக்கிறது. அந்தப் பெரிய யுத்தத்தில் பலெர்மோவுக்கு அமெரிக்கர்கள் வந்தார்கள், அவருடைய ஊருக்குக் கனடாக்காரர்கள் வந்தார்கள். அவர் ஊர் உள்நாட்டில், மலைக்கு மேல். "என் மனைவி பலெர்மோக்காரி. அமெரிக்கன் ஜீப்பில் வந்தான், சாக்லேட் தந்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வந்தவர்கள் நடந்து வந்தார்கள். தலைமுதல் கால்வரை தூசி. கிணற்றடியில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார்கள், காலெல்லாம் ரத்தம். காலையில்தான் எங்கள் ஊரைக் குண்டால் அடித்தவர்கள். என் அம்மா அவர்களைத் திட்டிக்கொண்டே தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள்." சொல்லிவிட்டுக் கிழவன் சூப்பைக் குடித்தார். எனக்குக் கரண்டி பிடித்த கை நின்றுவிட்டது.

ஏனென்றால் என்னிடமும் ஒரு சிப்பாய் தண்ணீர் கேட்டிருக்கிறான். இதை உன் அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. அப்போது எனக்குப் பதினெட்டு. ஊரில் யுத்த நாட்கள், எங்கள் ஒழுங்கை முடிந்து தெருவில் ஏறுகிற இடத்தில் ராணுவத்தின் சோதனைச் சாவடி. ரியூசனுக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் சைக்கிளால் இறங்கி, பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒருநாள் ஒரு சிப்பாய் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சோற்றுக்குள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, விரலைப் பெட்டியின் விளிம்பில் துடைத்துவிட்டு மூடித் தந்தான். அடிக்கவில்லை, ஏசவில்லை, அவ்வளவுதான் செய்தான். அந்தச் சோற்றை நான் வேலிக்குள் கொட்டினேன். இன்றைக்கும் அந்த விரல் எனக்குத் தெரிகிறது. கொஞ்ச நாளில் எங்கள் வேலிப் படலையில் இன்னொரு சிப்பாய் வந்து நின்றான். அவன் வேறு ஆள், சின்னப் பொடியன், மீசை அரும்பவில்லை. ஒரு காலில் சப்பாத்து இல்லை. குதிக்கால் கொப்புளம் வெடித்துச் சீழ் வைத்திருந்தது. உடைந்த தமிழில் "அக்கா, தண்ணி" என்றான். அக்கா என்றான், தம்பி. எனக்குப் பின்னால் கிணறு. கையில் வாளி. நான் "இல்லை" என்றேன். அவன் வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நொண்டிக்கொண்டு போய்விட்டான். துவக்கு அவன் தோளில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் நான் முழுக் கிணற்றையும் இறைத்துக் கொடுத்திருப்பேன். அவன் நீட்டவில்லை. இருபத்தெட்டு வருடம் நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தெரிகிறதா நான் எதற்குப் பயந்தேன் என்று? நீ செத்துப்போவாய் என்ற பயம் எந்தத் தாய்க்கும் வரும். என் பயம் அதற்கும் மேலே. எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பெண் உன் சீருடையைப் பார்த்து, வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, உனக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வாள். நான் பார்த்த அந்தப் பார்வையை என் பிள்ளையைப் பார்த்துப் பார்ப்பாள். அவளைப் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதனால்தான் தாயே, உடுப்பு அவன் உடம்பில் ஒட்டுவதற்கு முன்னால் கழற்றிவிடு என்று கேட்டேன். கேட்டதற்கு எட்டு ஞாயிற்றுக்குள் பதில் வந்துவிட்டது. ஆனால் காலைக் கேட்கவில்லையே நான்! எங்காவது ஒரு சோதனையில் புள்ளி குறைத்து அனுப்பியிருக்கக் கூடாதா? ஐயோ, நீ நொண்டுகிறாய் என்று கேட்டதிலிருந்து இரண்டு கால்களும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒன்று உன்னுடையது.

இன்னொன்றையும் இந்த நாலு நாளில்தான் யோசித்தேன். உனக்குப் பதினாலு வயதில் கத்தானியாவுக்கு மேட்ச் விளையாடப் போக உன்னைத் தெரிவு செய்தார்கள். பஸ்ஸில் இரவு தங்கி வர வேண்டும் என்றதும், உனக்குக் காய்ச்சல் என்று கோச்சுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். அப்போது நாங்கள் இருந்த அல்பெர்கேரியா வீட்டுப் பல்கனியில் நின்று நீ ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், காய்ச்சல் இல்லாத பிள்ளை. "வேற நாளைக்குப் போகலாம், என்ன?" என்றேன். "ஓம் அம்மா" என்றாய். பிறகு பத்தொன்பது வயதில், நீ மோட்டார் சைக்கிளில் யார் யாரோடோ திரிகிறாய் என்று பயந்து, சின்னம்மாவோடு கதைத்து, கனடாவில் படிக்க எல்லாம் ஒழுங்கு பண்ணி, டிக்கெட் வந்த பிறகுதான் உனக்குச் சொன்னேன். அப்போதும் "ஓம் அம்மா". பிள்ளை சொல்வழி கேட்கிறான் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். உன் 'ஓம்' எப்போதும் எனக்கு வசதியாக இருந்தது. அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று நான் திறந்து பார்த்ததில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பின நாட்டிலேயே நீ ராணுவத்தில் சேர்ந்தாய். விசர் பிடித்தவள் மாதிரி ஏனடா என்று கேட்டபோது நீ சொன்னாய், "அம்மா, நான் பிறந்த ஊரிலை இருக்க விடுற பெர்மெஸ்ஸோக் கடுதாசிக்கு உங்களோடை குவெஸ்தூராப் பொலிஸ் வரிசையிலை நிண்டனான். இஞ்சை சிட்டிசன் இல்லாத என்னையும் வாறியா எண்டு கேட்டாங்கள். முதல்முறையா என்னை ஆரோ கேட்டவை." அப்போது நான் இத்தாலியைத்தான் நீ குறை சொல்கிறாய் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், உன்னைக் கேட்காத ஆட்களில் முதல் ஆள் நான்.

ஆனபடியால் உன் வாயால் நீ சொல்லும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். நேர்த்தியைக் காப்பாற்றும்படி நீ சொன்னது அங்கே இருக்க ஆசைப்பட்டா, இல்லை நான் எட்டு ஞாயிறு நடந்தது வீணாகக் கூடாது என்றா? எனக்குத் தெரியாது. நேர்த்தியைப் பாதியில் விட்டால் யார் தலையில் விழும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடித்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், விட்டால் உனக்கு வேறு ஏதும் வந்துவிடும் என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் நின்று ரோசாலியா அம்மாவோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். அவள் கன்னிப் பிள்ளை, குகைக்குள் தனியாக இருந்தவள், பிள்ளை பெற்றவளின் விசர் அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது?

அங்கேயே இருக்கப்போகிறாய் என்றால் இந்த மூன்றைக் கேட்டு வை. காலுறையை ஈரத்தோடு போடாதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல், பகிடி விட்டு மறைக்காதே. அமெரிக்கன் மறைக்கிறானோ கனடாக்காரன் மறைக்கிறானோ எனக்குத் தேவையில்லை. மூன்றாவது, எந்த நாட்டில் எந்தச் சாவடியில் உன்னை நிறுத்தினாலும், எவருடைய சோற்றுக்குள்ளும் விரலை விடாதே. ஒரு பெண் கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லை என்றால் கோபப்படாதே. அவள் உன்னைச் சொல்லவில்லை, அவளுக்கு முன்னால் வேறு யாரோ நிற்கிறான். பேசாமல் திரும்பிப் போ. அந்தப் பொடியன் அப்படித்தான் போனான். அவன் நல்ல பிள்ளை என்று இன்றைக்கு நான் எழுதுகிறேன், அவனுடைய தாய் எங்கே இருந்தாலும்.

வீட்டுக்கு வரப்போகிறாய் என்றால் அதற்கும் ஒரு வெட்கமும் இல்லை. யாராவது பயிற்சியில் தோற்றுவிட்டானோ என்று கேட்டால் என்னைக் காட்டு. என்ரை அம்மா நேர்த்தி வைச்சுக் கவிழ்த்தவா என்று சொல். இங்கே எல்லாரும் நம்புவார்கள். அப்பாவுக்கு நானே சொல்லுகிறேன்; அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருப்பார், மூன்றாம் நாள் தேத்தண்ணி கேட்பார்.

கிழவனார் இருமுகிறார், எழும்பப்போகிறார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்தில், பாதை தொடங்குகிற இடத்தில், செருப்போடு நிற்பேன். போனைத் திறந்து பார்ப்பேன். 'வாறன்' என்று எழுதியிருந்தால் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஒன்பதாவது ஞாயிற்றையும் முடிப்பேன். 'இருக்கிறன்' என்று எழுதியிருந்தால் போட்ட செருப்போடு ஏறுவேன். மேலே போய்ப் பேச்சு மாறினது நான், பிள்ளை இல்லை, ஏதும் செய்வதென்றால் என் காலில் செய் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லுவேன். சொல்லிவிட்டு அந்தக் குகைத் தண்ணியில் ஒரு போத்தல் பிடித்து வந்து, சாவடியில் நிற்கிற எந்தப் பொடியனுக்கென்றாலும் கொடுக்கிற மனதோடு வீட்டில் வைப்பேன். எதை எழுதினாலும் நான் ஏறுவேன், தம்பி. நீ அதைப்பற்றி யோசிக்காதே. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்த முறை மட்டும் 'ஓம் அம்மா' என்று எழுதிவிடாதே.

அம்மா